பன்னிரண்டாவது பானை

ஏரியில் பதினோரு பானைகள் மிதக்க வேண்டும். அன்று காலை பன்னிரண்டு மிதந்தன.

எண்ணிக்கையில் நான் தவறுவது அரிது. ஒன்பது வயதிலும் அப்படித்தான். மதகுக் கல்லின் மேல் உட்கார்ந்து இடமிருந்து வலமாக இன்னொரு முறை எண்ணினேன். பன்னிரண்டு. வலமிருந்து இடமாக எண்ணினேன். பன்னிரண்டுதான். மடியில் நாற்பது பக்க நோட்டு விரிந்திருந்தது. பென்சிலை நாக்கில் தொட்டு எடுத்தவள் எழுதாமல் நிறுத்திக்கொண்டேன்.

பானைகள் ஏரிக்கு எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடங்களுக்கு முந்தைய காலம் அது. எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. ஏரிக்கரையின் மேல் நின்றால் எதிரே கிழக்கில் கொல்லிமலை. சூரியன் மலையைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் மற்ற ஊர்களைவிட எங்களுக்குக் கால்மணி நேரம் தாமதமாகத்தான் வெயில் வரும். அந்தக் கால்மணி நேரத்தில் ஏரி ஈயம் பூசிய தட்டைப் போலக் கிடக்கும். பறவைகளைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பொங்கலுக்குப் புதுப் பானை வந்ததும் பழையவற்றை வீதியோரம் போடுவது வழக்கம். அந்த வருடம் சித்தப்பா அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். மூளியாகாத பதினோரு பானைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றின் வாயையும் மரத்தக்கை வைத்து அடைத்து, களிமண்ணும் மெழுகும் பூசி, தக்கையில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கல்லின் கனத்தால் பானைகள் கவிழ்ந்தபடியே மிதந்தன. கரியேறிய அடிப்பக்கம் மட்டும் ஒரு தலை அளவுக்கு நீருக்கு மேலே தெரிந்தது.

“இங்க பாரு அம்மிணி,” என்றார். “பறவைக மொதல்ல இதப் பாத்துப் பயந்து ஓடும். எத்தன நாள்ல பயம் தெளியுதுன்னு நீதான் பாத்துச் சொல்லோணும்.”

“எதுக்குங் சித்தப்பா?”

“சும்மாதான். தெரிஞ்சு வெச்சுக்கலாமில்ல?”

சித்தப்பா என்னிடம் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் உண்மையிலேயே அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினார்.

அப்பா எனக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார். “பாத்தத எழுது சாமி. தோணறத எழுதாத,” என்று மட்டும் சொன்னார். தினமும் மாலையில் நோட்டை வாங்கிப் பார்த்து, பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். அந்த டிக்குக்காகவே நான் விடியலில் எழுந்து ஓடுவேன்.

கொக்கும் நாரையும் வரும், போகும். அவற்றை எண்ணிப் பயனில்லை. நான் எண்ணியது நாமக்கோழிகளை. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம் போட்ட நீர்க்கோழி. அவை ஏரியை விட்டு நகராமல் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். முதல் நாள் பானைகளைக் கண்டதும் அத்தனையும் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. நான்காம் நாள் பாதி ஏரிவரை வந்தன. ஒன்பதாம் நாள் ஒரு கோழி பானையை உரசிக்கொண்டு போனது. பன்னிரண்டாம் நாள் இன்னொன்று பானையின் மேலேயே ஏறி நின்று சிறகைக் கோதியது. எல்லாம் நோட்டில் இருக்கிறது. காற்றடித்துப் பானைகள் கரையில் ஒதுங்கினால் நீண்ட மூங்கில் கழியால் அவற்றை உள்ளே தள்ளிவிடுவதும் என் வேலை.

வீட்டில் அப்போது சின்னம்மாவுக்கு, அதாவது சித்தப்பாவின் மனைவிக்கு, உடம்பு சரியில்லை. மார்கழியில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து அவர் படுக்கையைவிட்டு எழவில்லை. காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்தது. பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு அம்மா வெள்ளாட்டுப் பால் ஊட்டினார். சேலத்துக்கு வண்டி கட்டிப் போய் டாக்டரிடம் காட்டினார்கள். மருந்து கிடக்கட்டும், உடம்பில் ரத்தமே இல்லை, இரண்டு மாதம் விடாமல் தினமும் கறிச்சாறு கொடுங்கள், விட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சின்னம்மாவின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது.

அதற்குள் மாசி பிறந்து மாரியம்மன் நோம்பி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு, அதாவது திருவிழாத் தொடக்கம். அன்றைக்குக் கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால் பதினைந்து நாளுக்கு ஊரில் எந்த உயிரையும் கொல்லக்கூடாது, எந்த அடுப்பிலும் கறி வேகக்கூடாது. கடுகு தாளிக்கும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. மீறினால் ஊருக்கு அம்மை வரும். முன்னொரு முறை வந்ததாகச் சொல்லி, செத்தவர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லுவார்கள்.

அந்த வருடம் ஊருக்காகக் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டிய முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அப்பாதான் காப்புக்காரர். கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவர் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் ஒன்று கேட்டார். ஒரே ஓர் அடுப்புக்கு மட்டும், நோயாளிக்காக, விலக்குக் கொடுக்க முடியுமா என்று. நான் அப்பாவின் பின்னால்தான் நின்றேன்.

“ஆத்தா ஊருக்குள்ள வந்துட்டாளுங்க,” என்றார் பூசாரி. “இனிப் பதினஞ்சு நாளைக்கு அவதான் டாக்டரு.”

அப்பா வலது கையை நீட்டினார். மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் நூலைப் பூசாரி மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார்.

அன்று காலை நான் எண்ணிய நாமக்கோழிகள் அறுபத்தொன்று. மாலையில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “பயம் நல்லாத் தெளிஞ்சு போச்சு அம்மிணி. இனி நீ ஏரிக்கு வர வேண்டாம்,” என்றார். சோதனை முடிந்துவிட்டதில் எனக்கு வருத்தம். இருந்தாலும் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நோட்டில் இரண்டு பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தது என்னை உறுத்தியது. விடியலில் கிளம்பிவிட்டேன். அன்றுதான் பன்னிரண்டு பானைகள்.

காற்றே இல்லை. கோரை நுனிகூட ஆடவில்லை. நாமக்கோழிகளை எண்ணினேன்: ஐம்பத்தேழு. நான்கு குறைகிறதே என்று மறுபடி எண்ணத் தொடங்கினேன். அப்போதுதான் ஒரு பானை நகர்வதைக் கண்டேன். மற்ற பதினொன்றும் நின்ற இடத்தில் நின்றன. இது மட்டும் மெதுவாக, அவசரமே இல்லாமல், கோழிகள் கூடியிருந்த பக்கம் போயிற்று. கோழிகள் விலகி வழிவிட்டன. பானைதானே என்று அவற்றுக்குத் தெரியும். பதினாறு நாட்களாகப் பழக்கியவள் நான்.

ஒரு கோழி பானைக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் அது இல்லை.

சிறகடிப்பு இல்லை, சத்தம் இல்லை. அடியிலிருந்து யாரோ நூலால் இழுத்ததைப் போல நேராகக் கீழே போயிற்று. அந்த இடத்தில் ஒரு வளையம் விரிந்து மறைந்தது. முக்குளிப்பான் என்ற சின்னப் பறவை மூழ்கும். பதினைந்து எண்ணுவதற்குள் வேறோர் இடத்தில் தலையைத் தூக்கும். நான் எண்ணினேன். முப்பது, ஐம்பது, நூறு. இருநூறு வரை எண்ணினேன். நாமக்கோழி வரவில்லை. அதற்குள் இன்னொன்று கீழே போய்விட்டது. பக்கத்தில் மிதந்தவை தலையைக்கூடத் திருப்பவில்லை. என்னை உறைய வைத்தது அதுதான். தம்மில் ஒன்று போனது தெரியாமல், அவை தண்ணீரைக் கொத்திக்கொண்டிருந்தன.

பானை இப்போது மதகை நோக்கி வந்தது. கரை நெருங்க நெருங்க உயர்ந்தது. பானைக்குக் கீழே கழுத்து வந்தது. தோள் வந்தது. மார்பு வந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் கரிப்பானையும், பானையில் இரண்டு ஓட்டைகளும், ஓட்டைகளுக்குள் இரண்டு கண்களுமாக ஓர் உருவம் நீர் சொட்டச் சொட்ட என் முன்னால் எழுந்து நின்றது. இடுப்புக் கயிற்றில் இரண்டு நாமக்கோழிகள் கழுத்துத் தொங்கக் கிடந்தன. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

இரண்டு கைகள் பானையைத் தூக்கின. உள்ளே சித்தப்பாவின் முகம்.

“உன்னைய வர வேண்டாம்னு சொன்னேனில்ல?” என்றார். குரல் அவருடையதாக இல்லை.

“ரண்டு நாள் எழுதாம உட்டுப்போச்சுங் சித்தப்பா...”

அவர் கரையேறி என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முன்கையெல்லாம் நகக்கீறல். நாமக்கோழியின் காலில் அவ்வளவு கூரான நகம் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

“ஆரு புடிச்சாங்கன்னு ஆருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி. உங்கப்பன்கிட்டக்கூட. ஊருக்குத் தெரிஞ்சா உங்க சின்னம்மா...” இடுப்பிலிருந்த கோழிகளைக் கோரைக் கட்டுக்குள் திணித்தார். “சொல்லமாட்டயில்ல?”

“சொல்லமாட்டனுங்க,” என்றேன்.

கரும்பு வெட்டும் காலம் அது. எங்கள் கரும்புக் காட்டில் ஆலைக் கொட்டகை இருந்தது. நாளெல்லாம் பாகு காயும் வாசனையில் வேறெந்த வாசனையும் எடுபடாது. சிறகைச் சக்கையோடு அடுப்பில் போட்டால் புகையோடு போய்விடும். சித்தப்பா கொட்டகையிலிருந்து தினமும் ஒரு மூடிய போசிப் பாத்திரத்தில் மிளகு தூக்கலாகப் போட்ட ‘கசாயம்’ கொண்டுவருவார். சின்னம்மா முகம் சுளித்துக் குடிப்பார். இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது எனக்கு மிகவும் பின்னால்தான். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே: ஆத்தா ஊருக்குள் இருக்கும்போது சித்தப்பா கொன்றிருக்கிறார். அதற்குப் பானையைப் பழக்கிக் கொடுத்தது நான்.

அன்று மாலை கோயில் முன் கூட்டம். இளவட்டங்கள் கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். பறை முழங்கியது. அப்பா காப்புக்காரருக்கான பாயில் தனியாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கம்பத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். பூசாரி என்னைப் பார்த்ததும் பறையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“வாங்க கணக்கப்புள்ள! இன்னைக்கு உங்க ஏரில எத்தன உருப்படிங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எண்ணிக்கையைக் கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்குக் கொடுத்த வாக்கையும் நான் மறக்கவில்லை. யார் பிடித்தார் என்றுதானே சொல்லக்கூடாது?

“ஐம்பத்தஞ்சுங்க,” என்றேன்.

“நேத்து எத்தனைங்க?”

“நேத்து எழுதலீங்க. இன்னைக்கு வெடியால ஐம்பத்தேழு இருந்துச்சு. பொறவு ரண்டு தண்ணிக்குள்ள போச்சுங்க. வரவே இல்ல.”

“முக்குளிச்சு அக்கட்டால ஏந்திரிச்சிருக்கும் கண்ணு.”

“இல்லீங்க. எரநூறு வரைக்கும் எண்ணிப் பாத்தனுங்க.” சொன்னது போதாது என்று தோன்றியது. முழுமையாகச் சொல்லிவிடுவது என் சுபாவம். “செவ்வாக்கெழம அறுபத்தொண்ணு இருந்துச்சுங்க.”

சிரிப்பு நின்றது. பூசாரியின் முகம் மாறிவிட்டது. யாரோ ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார். வேப்பிலை கட்ட உயர்ந்திருந்த சித்தப்பாவின் கைகளை, அவற்றின் கீறல்களை, பார்த்தார். கொஞ்ச நேரம்தான் பார்த்தார்.

“ஆமை இழுத்திருக்கும்,” என்றார் அப்பா.

“நம்ம ஏரில ஆமைங்களா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“இருக்குதுங்க. நான் பாத்திருக்கறேன்.”

எங்கள் ஏரியில் ஆமை கிடையாது. பதினாறு நாள் நோட்டில் ஓர் ஆமைகூட இல்லை. அப்பா பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அதுவும் கையில் காப்போடு, கம்பத்துக்கு நேர் எதிரே.

பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. “ஆமையோ, ஆளோ. நோம்பி முடியற மட்டும் வெடியாலருந்து பொழுது சாயற வரைக்கும் ஏரிக்கரைல ரண்டு ஆளு காவல் இருக்கட்டும்,” என்றார்.

“காப்புக்காரரு குளிக்கற நேரமுங்க?” என்று ஒருவர் கேட்டார். காப்புக்காரர் தினமும் விடியலில் ஏரியில் தனியாகக் குளித்து, ஈரத்துணியோடு செம்பில் நீர் முகந்துவந்து கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். ஊற்றி முடிக்கும்வரை யாரும் அவரைத் தொடக்கூடாது. குளிக்கும்போது பார்க்கவும் கூடாது.

“அப்ப முதுகக் காட்டி உக்காந்துக்கட்டும்,” என்றார் பூசாரி.

பொழுது சாயும் நேரத்தில் கட்டுத்தறிப் பக்கம் அப்பாவும் சித்தப்பாவும் நிற்பதைப் பார்த்தேன். சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். ஆண்கள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இன்னைக்குத்தானுங்ண்ணா அவ எந்திரிச்சு உக்காந்தா,” என்றார். “இன்னும் பன்னெண்டு நாள் இருக்குதுங்களே.”

அப்பா எருதின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

இரவெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். காவல் போட்டுவிட்டார்கள். விடிந்ததும் சித்தப்பா வழக்கம்போலப் பானையை மாட்டிக்கொண்டு இறங்குவார், பிடிபடுவார். அவரை ஊரைவிட்டு விலக்கிவிடுவார்கள். இத்தனைக்கும் காரணம் என் வாய். அவர் வருவதற்கு முன்னால் பானைகளையெல்லாம் கழியால் இழுத்துக் கரையேற்றிவிட்டால்? பானையே இல்லாவிட்டால் அவர் எப்படி இறங்குவார்?

சனிக்கிழமை. மலைக்கு மேலே வெளுக்கும்போது மதகுக்கு வந்துவிட்டேன். காவல்காரர்கள் இரண்டு பேரும் கரையின் அந்தக் கோடியில் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோரைப் புதருக்குள் மறைந்துகொண்டு படித்துறையைப் பார்த்தேன். கடைசிப் படியில் அப்பாவின் செம்பு இருந்தது. அப்பா இல்லை.

செம்பை விட்டுவிட்டு அவர் போகமாட்டார். தண்ணீரைப் பார்த்தேன். தலை எதுவும் தெரியவில்லை. நேற்று இருநூறு வரை எண்ணியவளுக்கு அன்று பத்துக்குமேல் எண்ண முடியவில்லை. தண்ணீருக்குள் போனது வராமலிருப்பது எப்படி என்று முந்தைய நாள்தான் பார்த்திருந்தேன். அப்பா பொய் சொன்னதற்காக ஆத்தா அவரை அப்படியே கீழே இழுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு, பழக்கத்தினால்தான், பானைகளை எண்ணினேன்.

பன்னிரண்டு.

ஐயோ, சித்தப்பா வந்துவிட்டார். காவல் இருப்பது தெரிந்தும் இறங்கிவிட்டார். கத்தினால் காவல்காரர்கள் திரும்புவார்கள். கத்தாவிட்டால் அப்பா என்ன ஆனார் என்று யாருக்குத் தெரியும்? பானை நகர்ந்தது. ஒரு கோழி கீழே போயிற்று. முந்தைய நாளைப் போல அவ்வளவு சுத்தமாக இல்லை. சிறகு ஒருமுறை தண்ணீரை அடித்தது. மற்றவை கொஞ்சம் கலைந்து மீண்டும் கூடின. வெகுநேரம் கழித்து இன்னொன்று போயிற்று. பிடிப்பவருக்குப் பழக்கமில்லை என்று அப்போதாவது நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பானை என் பக்கத்துக் கோரையை நோக்கி வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு கை. கையில் இரண்டு கோழிகளின் கால்கள் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருந்தன. மணிக்கட்டில் மூன்று சுற்று மஞ்சள் நூலும், நனைந்து பளபளக்கும் மஞ்சள் கிழங்கும் இருந்தன.

கோழிகளைக் கோரைக்குள் செருகி அதன்மேல் புல்லை இழுத்துவிட்டது அந்தக் கை. பிறகு பானை சற்று மேலே தூக்கப்பட்டு நெற்றியில் நின்றது. மார்பளவு நீரில் நின்ற அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. அப்பா அதட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அதட்டவில்லை. சித்தப்பாவைப் போல யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்கவில்லை.

“எப்ப வந்த அம்மிணி?” என்றார், மெதுவாக.

“இப்பத்தானுங்ப்பா.”

“எண்ணிட்டயா?”

“எண்ணிட்டனுங்க.”

“எத்தன?”

நான் ஏரியைப் பார்த்தேன். ஐம்பத்துமூன்று. மீண்டும் எண்ண வேண்டிய தேவையே இல்லை. ஐம்பத்தைந்தில் இரண்டு போனால் ஐம்பத்துமூன்று.

“ஐம்பத்தஞ்சுங்ப்பா,” என்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். அவர் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “நல்லா எண்ணிப் பாத்தயா சாமி?” என்று மறுபடி கேட்டார்.

“ஐம்பத்தஞ்சுதானுங்க.”

சரியாகச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன். நேற்று உண்மையான எண்ணைச் சொல்லி வந்த வினையை இன்று சரிசெய்துவிட்டேன். அப்பாவின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் பானையைத் திரும்பவும் முகத்தின் மேல் இறக்கிக்கொண்டார்.

இன்னும் பிடிக்கப்போகிறார் போலும் என்று பார்த்திருந்தேன். பானை நகரவில்லை. மற்றப் பானைகளைப் போல நின்ற இடத்தில் நின்றது. காற்றில்லாத அந்த நீரில் அந்த ஒரு பானையைச் சுற்றி மட்டும் சின்னச் சின்ன வளையங்கள் விடாமல் கிளம்பி விரிந்தன. மாசி மாதத்துத் தண்ணீர். அப்பாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன்.

அதன்பின் அவர் படித்துறைக்குப் போய், செம்பில் நீர் முகந்து, ஈரத்துணியோடு தெருவில் நடந்ததையும் பார்த்தேன். பெண்கள் வாசலுக்கு வாசல் மஞ்சள் நீரைக் குடத்தோடு கொண்டுவந்து, தொடாமல், அவர் காலில் ஊற்றினார்கள். அம்மாவும் ஊற்றினார். கம்பத்துக்கு அப்பா நீர் ஊற்றும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். பறை முழங்கியது. குலவைச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் இருந்தபடியே இருந்தன. ஒன்றுமே நடக்காமல் போனதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மிச்சத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நோம்பி நல்லபடியாக முடிந்தது. ஊருக்கு அம்மை வரவில்லை. பங்குனிக் கடைசியில் சின்னம்மா எழுந்து நடந்தார். சித்திரையில் கிணற்றிலிருந்து குடம் தூக்கினார். அந்தப் பதினைந்து நாளும் கம்பத்து அடியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தீர்த்தம்தான் தம்மைப் பிழைக்க வைத்தது என்று இன்றுவரை சொல்கிறார். வருடம் தவறாமல் பூவோடு என்னும் தீச்சட்டி எடுக்கிறார். சித்தப்பா பக்கத்திலேயே நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். காப்புக் கட்டும் முறை மீண்டும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா முழங்கால் வலி என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த முழங்காலோடு அவர் அதே வாரம் நாமக்கல்வரை நடந்துபோய் வந்ததையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மாலையைச் சொன்னால் முடிந்துவிடும்.

வழக்கம்போல அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். ‘பானை 12. நாமக்கோழி 55. காற்று இல்லை’ என்று எழுதியிருந்தேன். பானையின் எண்ணிக்கையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை யாரும் கேட்கவில்லையே. அப்பா மணிக்கட்டில் காப்புக்கு மேலும் கீழும் மஞ்சளை அரைத்துத் தடவியிருந்தார். அதையும் மீறிக் கீறல்கள் தெரிந்தன. பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பென்சிலை எடுத்து மூலைக்குக் கொண்டுபோனார். அங்கேயே பிடித்திருந்தார். பிறகு டிக் போடாமலே பென்சிலைக் கீழே வைத்தார். கை நடுங்கியது.

காலையில் அத்தனை நேரம் தண்ணீரில் நின்ற குளிர் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய் அவருடைய கம்பளியை எடுத்துவந்து கொடுத்தேன்.